அப்பா சொன்னதாக அண்ணன் சொன்னது

மஞ்சக்குப்பம், கடலூர்
11.08.2025

அண்ணனுக்கு,

நலம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

உன் நம்பரை பிளாக் செய்து நான்கு நாளாகிறது. இனி எதுவானாலும் தாளில் எழுது, தேதி போடு, கீழே கையெழுத்துப் போடு. வாட்ஸ்அப்பில் எழுதினால் எழுதியதை அழித்துவிடுவாய். சார்பதிவாளர் அலுவலகத்தில் இருபத்திரண்டு வருஷமாகக் குப்பை கொட்டுகிறேன். கையெழுத்துப் போட்ட மறுநாளே 'அது என்னுடையது இல்லை' என்கிற மனிதர்களைத் தினமும் பார்க்கிறவள் நான்.

உங்கள் பகுத்தறிவு வட்டத்தின் 'சுடுகேள்வி' ஆடி இதழை யாரோ என் மேசையில் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அதில் அப்பாவைப் பற்றி, அனலேந்தி என்ற பெயரில் நீ எழுதிய 'கனகசபேசன் கண் விழித்தார்' கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். (அனல் ஏந்தி நிற்பது நம் சிதம்பரம் நடராசர் என்று உங்கள் ஆட்கள் யாரும் உன்னிடம் சொல்லவில்லையா?) நீ எழுதியது இது: "பொங்கலுக்கு மறுநாள், கடலூர் மருத்துவமனைப் படுக்கையில், அப்பா தெளிவான குரலில் சொன்னார்: கடவுள் என்று யாருமில்லை தம்பி, என்னை எரிக்காதே, பிள்ளைகள் படிக்கக் கொடுத்துவிடு."

பொங்கலுக்கு மறுநாள் ஜனவரி பதினைந்து. ஒன்பதாம் தேதியே அப்பாவின் தொண்டையில் துளை போட்டுக் குழாய் வைத்துவிட்டார்கள். பத்தொன்பதாம் தேதி இறக்கும்வரை அவரிடமிருந்து ஒரு சத்தம் வரவில்லை. எந்தத் தெளிவான குரல்? அதோடு அப்பா உன்னை எந்தக் காலத்தில் 'தம்பி' என்று கூப்பிட்டார்? டேய் கணேசா என்பதைத் தவிர வேறு எதுவும் எனக்கு ஞாபகமில்லை.

கீழவீதி வீட்டு வாசலில், ஐஸ் பெட்டிக்கு முன்னால், தட்டில் கற்பூரம் ஏற்றி உன்னிடம் நீட்டினேன். "அப்பா உன்கிட்ட சொன்னது நெசம்னா இத அடி" என்றேன். தெருவே பார்க்க உள்ளங்கையால் அடித்து அணைத்தாய். அதை நம்பித்தான் உடலை மருத்துவக் கல்லூரிக்குக் கொடுக்க ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்துப் போட்டேன். அப்பாவுக்குக் கொள்ளி இல்லை, காடாற்று இல்லை, கரைக்க ஒரு பிடி சாம்பல் இல்லை.

தேதியில் தப்பா, இல்லை மொத்தமுமே தப்பா? அக்டோபரில் புதுப் பிள்ளைகள் வந்த பிறகுதான் உடலில் கத்தி வைப்பார்கள் என்று நீதான் சொன்னாய். நீ சொன்னது பொய்யென்றால் அதற்குள் அப்பாவைத் திரும்ப வாங்கி, முறைப்படி எரித்து, கிள்ளையில் கடலில் கரைப்பேன். பதில் எழுது.

க. சிவப்ரியா


அண்ணாமலை நகர்
18.08.2025

பிரியா,

உன் கடிதம் வந்தது. சம்மன் மாதிரி இருந்தது.

கட்டுரை வேறு, கிரயப் பத்திரம் வேறு. கட்டுரையில் நான்கெல்லை அளந்து போட மாட்டார்கள். தேதி பிசகியிருக்கலாம். பேச முடியாத மனிதனும் சொல்ல வேண்டியதைச் சொல்வான். கண்ணால் சொல்வான், கையைப் பிடித்துச் சொல்வான். அப்பா சொல்ல நினைத்ததை நான் தமிழில் எழுதினேன், அவ்வளவுதான். ஓர் உடல் மண்ணாகாமல் நாலு டாக்டர்களை உருவாக்கப் போகிறது. அதைக் கொண்டாடாமல் குழாய் வைத்த தேதியைத் தோண்டிக்கொண்டிருக்கிறாய்.

அம்மா சாவில் நான் கொள்ளி வைக்க மறுத்ததை ஒன்பது வருஷமாகச் சொல்லிக் காட்டுகிறாய். அந்த ஆத்திரம்தான் இந்தக் கடிதத்திலும். நம்பிக்கை இல்லாததைச் செய்வது பித்தலாட்டம் என்று அன்றைக்குச் சொன்னேன். இன்றைக்கும் அதையே சொல்கிறேன்.

எனக்கும் ஒரு சந்தேகம் உண்டு. பால் பாக்கெட்டில் போட்டிருக்கும் தேதியையே மூன்று முறை பார்க்கிறவள் நீ. அன்றைக்கு நான் கற்பூரத்தை அடித்ததும் ஒரு கேள்வி கேட்கவில்லை. எப்போது சொன்னார், யார் கூட இருந்தார்கள் என்று எதுவுமே இல்லை. பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாய். உன் முகம் வெளுத்திருந்தது. அழுத முகம் இல்லை அது. ஏன்?

அண்ணன்
ராஜகணேஷ்


கடலூர்
25.08.2025

அண்ணனுக்கு,

கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் என்னைக் கேள்வி கேட்கிறாய். குறுக்கு விசாரணையிலிருந்து தப்பிக்க நினைக்கிற எல்லோரும் செய்வதுதான்.

ஆஸ்பத்திரிக்கு நேரில் போனேன். அப்பாவைப் பார்த்துக்கொண்ட பிரிசில்லா சிஸ்டர் இன்னும் அங்கேதான் இருக்கிறார். "பதினஞ்சாம் தேதி ஒங்க அண்ணன் வந்தாருக்கா. பத்து நிமிஷம் நின்னாரு. அய்யா மயக்கத்துலதான் இருந்தாரு. இவரு போன்ல பேசிட்டு கெளம்பிட்டாரு" என்றார். கண்ணால் சொன்னார், கையால் சொன்னார் என்கிறாயே, மயக்கத்தில் இருந்த மனிதர் எந்தக் கண்ணைத் திறந்தார்?

முட்டாள்தனம் என்னுடையது என்று இப்போது புரிகிறது. மேடையில் எரிகிற கற்பூரத்தை நாக்கில் வைத்து, "பாருங்கள், இதில் சாமியும் இல்லை சக்தியும் இல்லை, வெறும் ரசாயனம்" என்று கைதட்டு வாங்குகிறவன் நீ. அப்படிப்பட்டவனிடம் போய்க் கற்பூரத்தை நீட்டிச் சத்தியம் கேட்டேனே, என்னை எதால் அடிப்பது? உனக்கு அது கொசுவத்தி. எங்கள் வீட்டுக்காரர் பொய்ச் சத்தியம் செய்வதற்குப் பயப்படுவார். நீ பயப்பட வேண்டிய அவசியமே இல்லை. பயமில்லாதவன் பொய் சொல்ல மாட்டான் என்று நினைத்துவிட்டேன்.

சரி, எங்கள் சாமி வேண்டாம். உனக்கு என்று எது இருக்கிறது? எதன் மேல் கை வைத்தால் உனக்குப் பொய் வராது? அதைச் சொல். அதன் மேல் கை வைத்து எழுது.

பிரியா


அண்ணாமலை நகர்
07.09.2025

பிரியா,

இது நான்காவது தாள். மூன்றைக் கிழித்துவிட்டேன்.

எதன் மேல் கை வைப்பாய் என்று கேட்டாய். 'உண்மையின் மேல்' என்று கெத்தாக எழுத ஆரம்பித்தேன். அந்த வார்த்தையை எழுதிவிட்டு அடுத்த வரி எழுத முடியவில்லை. மனுஷன் மாட்டிக்கொள்வது இப்படித்தான்.

அப்பா என்னிடம் எதுவும் சொல்லவில்லை. உடலைப் பற்றியும் சொல்லவில்லை, கடவுளைப் பற்றியும் சொல்லவில்லை.

ஏன் சொன்னேன் என்று கேட்பாய். ஊரெல்லாம் உடல் தானம் பற்றிப் பேசுகிறேன். "உங்கப்பன் தெனம் அர்த்தசாமத்துக்குக் கோயில்ல நிக்கிறாரு, நீ எங்களுக்குச் சொல்ல வந்துட்டியா" என்று கூட்டத்திலேயே கேட்டிருக்கிறார்கள். அப்பா இறந்த அன்று, எரித்தால் யாருக்கும் உபயோகமில்லை, கொடுத்தால் நூறு பிள்ளைகள் படிப்பார்கள் என்று கணக்குப் போட்டேன். ஒரு பொய்யால் யாருக்கும் நஷ்டமில்லை என்று தோன்றியது. பெரிய காரியத்துக்காகச் சொல்லும்போது அது பொய் மாதிரியே இருக்காது, பிரியா. நெஞ்சு நிமிர்ந்துவிடும்.

நீ தட்டை நீட்டினபோது எனக்குத் தயக்கமே இல்லை. மேலே யாரும் இல்லை, யாரிடம் பொய் சொல்கிறேன் என்று நினைத்தேன். எதிரே நீ நின்றுகொண்டிருந்தாய். அது இந்த ஒரு வாரமாகத்தான் உறைக்கிறது.

ஆனால் இதை எழுதித் தந்து உடலைத் திரும்ப வாங்க நான் துணை வர மாட்டேன். வழி தப்பு, காரியம் சரி. நீயும் என் கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. ஏன் அவ்வளவு சீக்கிரம் கையெழுத்துப் போட்டாய்?

ராஜகணேஷ்


கடலூர்
13.09.2025

அண்ணனுக்கு,

வழி தப்பு, காரியம் சரி. இதைத்தான் எல்லாக் கலவரக்காரனும் சொல்கிறான், அவன் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும். உங்களைப் போல் யாரையும் கும்பிடாதவர்களாவது வேறு மாதிரி இருப்பீர்கள் என்று நினைத்தேன்.

இனி விவாதம் வேண்டாம். 'என் தந்தை கனகசபேசன் உடல் தானம் குறித்து என்னிடம் எதுவும் கூறவில்லை' என்று ஒரே வரி, தனித் தாளில், கையெழுத்தோடு. இந்த மாதக் கடைசிக்குள் வராவிட்டால் உன் ஏழாம் தேதிக் கடிதத்தை ஜெராக்ஸ் எடுத்து உங்கள் வட்டத்தில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் அனுப்புவேன். முகவரி எல்லாம் இதழின் பின்னட்டையிலேயே இருக்கிறது.

பிரியா


அண்ணாமலை நகர்
26.09.2025

பிரியா,

தாள் இதனுடன் இருக்கிறது. மிரட்டலுக்குப் பயந்து தரவில்லை. அப்படி நினைத்துக்கொள்வாய் என்று தெரியும், நினைத்துக்கொள்.

எங்கள் இதழாசிரியர் இளமதியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "தோழர், ஒரு குடும்பப் பிரச்சினைக்காக இயக்கத்தை எதிரிகளின் வாய்க்கு அவல் ஆக்கிவிடாதீர்கள். கட்டுரை நன்றாக இருந்தது" என்றார். நன்றாக இருந்தது என்றதுதான் என்னைக் குத்தியது. அப்போதே எழுதிவிட்டேன்.

கல்லூரிக்கு நீயே போ. என்னால் வர முடியாது.

ராஜகணேஷ்


கடலூர்
09.10.2025

அண்ணனுக்கு,

திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு உன் தாளோடு கல்லூரிக்குப் போனேன். உடற்கூறியல் துறை வாசலில் சார்லஸ் என்ற ஊழியர் நிறுத்தினார். "இன்னிக்கு புதுப் பசங்களுக்கு மொத நாளுமா. செத்த நேரம் ஒக்காருங்க" என்றார்.

கதவு பாதி திறந்திருந்தது. வெள்ளைத் துணி போர்த்திய மேசைகள். ஒவ்வொன்றின் மேலும் பூ. வெள்ளைக் கோட்டுப் போட்ட பிள்ளைகள் வரிசையாக நின்று, வலது கையை நீட்டி, ஒரே குரலில் உறுதிமொழி எடுத்தார்கள். இந்த உடல்தான் எங்கள் முதல் ஆசிரியர், மரியாதை குறையாமல் நடந்துகொள்வோம் என்று. ஒரு பெண் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள். யாரும் அவளைக் கழற்றச் சொல்லவில்லை. உங்கள் ஆட்கள் பார்த்திருந்தால் அதையும் மூடநம்பிக்கை என்பார்கள். நான் அழுதேன். இதில் அப்பா எது என்று சார்லஸிடம் கேட்டேன். "அத சொல்லக் கூடாதுமா. எங்களுக்கே நம்பர்தான்" என்றார்.

பிறகு பேராசிரியர் உன் தாளைப் படித்தார். "சரிம்மா, ஒங்க அண்ணன்கிட்ட சொல்லல. வேற யார்கிட்டயாவது சொல்லியிருக்காரா? இல்லன்னு நீங்க ஒரு வரி எழுதிக் குடுங்க. இன்னிக்கே மேல அனுப்புறேன். மத்தத நிறுத்தி வெக்கிறேன்" என்றார்.

எழுதினேன். பெயரும் எழுதினேன். கையெழுத்துப் போடும் இடத்தில் கை நின்றுவிட்டது. "நாளைக்கு வர்றேன் சார்" என்று தாளை மடித்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஏன் தெரியுமா? அப்பா என்னிடம் சொல்லியிருந்தார். போன வருஷம் ஐப்பசியில், தன்னைக் கல்லூரிக்குக் கொடுத்துவிடச் சொல்லி, என்னிடம் மட்டும். கடவுள் இல்லை என்றெல்லாம் சொல்லவில்லை. அந்தப் பாதி உன் சரக்கு.

நான் மறைத்தேன். சும்மா மறைக்கவில்லை, அனுமதி வாங்கிக்கொண்டு மறைத்தேன். அவர் ஆஸ்பத்திரியில் இருந்தபோது எங்கள் தெரு மாரியம்மன் கோயிலில் பூக்கட்டிப் போட்டேன். சிவப்பு வந்தால் உன்னிடம் சொல்லிவிடுவது, வெள்ளை வந்தால் சொல்ல வேண்டாம். பூசாரி பொட்டலத்தை எடுத்தார். சிவப்பு வந்தது. அன்றைக்குத் தலைக்குக் குளிக்காமல் போய்விட்டேன், செல்லாது என்று மறுபடி போனேன். சிவப்பு. கிழமை சரியில்லை என்று வெள்ளிக்கிழமை போனேன். சிவப்பு. நாலாவது தடவை வெள்ளை வந்தது. அன்றைக்கே அம்மனுக்குப் புடவை சாத்தினேன். ஆத்தாவே சொல்லிவிட்டாள் என்று நிம்மதியாகத் தூங்கினேன்.

நீ கற்பூரத்தை அடித்தபோது நான் ஏன் கேள்வி கேட்கவில்லை என்கிறாய். அப்பா உன்னிடமும் சொல்லிவிட்டார் போல, என்னிடம் சொன்னதையும் சொல்லியிருப்பார், ஏன் மறைத்தாய் என்று தெருவில் வைத்துக் கேட்டுவிடுவாய் என்று பயந்தேன். அதுதான் நீ பார்த்த முகம்.

பிரியா


அண்ணாமலை நகர்
14.10.2025

பிரியா,

உன் கடிதத்தை மூன்று நாளாக வைத்துக்கொண்டிருக்கிறேன்.

படித்ததும் எனக்கு வந்தது சந்தோஷம். வெட்கமில்லாமல் சொல்கிறேன். அப்பாவே கேட்டிருக்கிறார் என்றால் நான் சொன்ன பொய் தற்செயலாக நிஜமாகிவிட்டது. நான் பிழைத்தேன். அந்தச் சந்தோஷம் ஒரு நாள் இருந்தது. மறுநாள் சந்தேகம் பிடித்துக்கொண்டது.

இது எனக்கு ரொம்பத் தோதாக இருக்கிறது. கதவு வழியாக அந்தப் பிள்ளைகளைப் பார்த்தாய், மனம் இளகியது, இனி எதற்கு அப்பாவை அலைக்கழிப்பது என்று முடிவு செய்தாய், அண்ணனுக்கும் ஒரு ஆறுதல் இருக்கட்டும் என்று இதை எழுதினாய். அப்படி இருக்காது என்பதற்கு என்ன அத்தாட்சி? பூக்கட்டிய கதைகூட, என் பொய்க்கு ஜோடியாக ஒன்றைச் செய்து கொடுத்த மாதிரி இருக்கிறது. நல்ல மனசோடு சொல்லப்படும் பொய் எப்படி இருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அந்தத் தொழிலில் இருந்தவன் நான்.

ஒரு நாள் கூடக் கோயில் தவறாத மனிதர், முன்னோருக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்கத் தவறாத மனிதர், தனக்குக் கொள்ளியே வேண்டாம் என்று ஏன் சொல்வார்? நீ காரணம் எழுதவில்லை. அறிவியலுக்காக என்று எழுதினால் நம்ப மாட்டேன், அது என் வசனம். சிவன் கனவில் வந்து சொன்னார் என்றாலும் நம்ப மாட்டேன், அது உன் வசனம். அப்பா என்ன சொன்னார்? அவர் வாயால் சொன்னதை அப்படியே எழுது.

ராஜகணேஷ்


கடலூர்
19.10.2025

அண்ணனுக்கு,

காரணத்தை எழுத வேண்டாம் என்றுதான் விட்டேன். கேட்டுவிட்டாய்.

சிதம்பரத்திலிருந்து அப்பாவை இங்கே கூட்டி வந்துகொண்டிருந்தேன். புதுச்சத்திரம் தாண்டி பஸ் பஞ்சராகி எல்லோரும் இறங்கி நின்றோம். அப்போதுதான் சொன்னார். "ஏம்பா இப்பிடிச் சொல்றீங்க? அண்ணன் எதாச்சும் சொன்னானா?" என்று கேட்டேன்.

"அவன் எதுக்குச் சொல்றான்? அவனுக்குத் தெரியவே தெரியாது. நீயும் சொல்லாத. உங்கம்மாவுக்குக் கொள்ளி வெக்க மாட்டேன்னு நின்னான். புள்ள உசுரோட நிக்கிறான், புருசன் வெக்கிறான் பாருன்னு தெருவே காறித் துப்புச்சு. அன்னிக்கு அவன் மொகத்த நான் பாத்தேன். எனக்கும் வெக்கலன்னா அவன் அந்தத் தெருவுல நடக்க முடியாது. வெச்சான்னா அவன் ஆளுங்க அவன உண்டு இல்லன்னு ஆக்கிடுவாங்க. காலேஜுக்குக் குடுத்துட்டா கொள்ளிங்கற பேச்சே கெடையாது. அவன யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

"ஒங்களுக்குக் காரியம் பண்ணலன்னா சாமி என்னப்பா சொல்லும்?" என்றேன்.

"சாமி ஒண்ணும் சொல்லாது. தெருதான் சொல்லும்" என்றார். பஸ் கிளம்பும்போது முந்திரி வாங்கிக் கொடுத்தார்.

உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று அப்பா சொன்னதால் நான் மறைக்கவில்லை. அவர் சொல்லைக் கேட்கிறவளாக இருந்திருந்தால் அவர் இறந்ததுமே உடலைக் கொடுக்க நானே சொல்லியிருப்பேன், உன்னிடம் கற்பூரத்தை நீட்டியிருக்க மாட்டேன். எனக்கு நீ கொள்ளிச் சட்டியோடு அந்தத் தெருவில் நடக்க வேண்டும். இல்லாவிட்டால் முடியாது என்று சொல்லி ஊர் முன்னால் கூனிக் குறுக வேண்டும். அம்மாவுக்குச் செய்ததற்கு இரண்டில் ஒன்று உனக்கு நடந்தே ஆக வேண்டும் என்று ஒன்பது வருஷமாகக் காத்திருந்தேன். அப்பா அதைக் கெடுக்கப் பார்த்தார். அதற்குத்தான் நாலு தடவை பூக்கட்டினேன்.

வெள்ளிக்கிழமை பேராசிரியரைப் பார்த்து, அப்பா என்னிடம் சொல்லியிருந்தார் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். அப்பா அங்கேயே இருக்கட்டும். உன் பத்திரிகையில் எதைப் போடுவது என்பது உன் பாடு.

நான் எழுதியதில் எதை வேண்டுமானாலும் சந்தேகப்படு, அப்பா சொன்ன காரணத்தைத் தவிர. அதை நான் இட்டுக்கட்டியிருக்க முடியாது. உன்மேல் எனக்கு அவ்வளவு இரக்கம் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

பிரியா